சுவரைப் பார்த்து நின்ற சார்ட்டுகள்

இங்கே ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து இன்னும் வாடகை வீடுகூட அமையாத உங்களிடம் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. அதைப் பேச ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் இதே பஹ்ரைனில், மனாமாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் சோஷியல் சயின்ஸ் எடுத்து, தொண்டை கட்டி, ஓய்வு பெற்றவன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், உற்சாகம் அதைவிடச் சீக்கிரம் வரும். கோபத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்ததில்லை. உற்சாகம்தான் ஒருமுறை என்னைக் குடும்பத்தோடு விமானம் ஏற்றப் பார்த்தது. இந்தக் கதையை உட்கார்ந்து சொல்ல எனக்கு இன்னும் வராது. வீட்டில் சொல்லும்போது எழுந்து நின்று கையை ஆட்ட ஆரம்பித்துவிடுவேன். எழுத்தில் அது தெரியாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்தாண்டுகளின் நடுவில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய வரலாற்றுப் புத்தகம் வந்தது. அதில் நாஜி ஜெர்மனியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் யூதர்களை வீடு வாசலை விட்டுத் துரத்தி, ஊரின் ஒரு மூலையில் சேர்த்து, சுற்றிச் சுவரோ முள்வேலியோ எழுப்பி அடைத்து வைத்தார்கள். அந்த இடங்களுக்கு கெட்டோ என்று பெயர். புத்தகத்தில் அதற்குக் கிடைத்தது சில வரிகள்தான். அவற்றை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு ஒப்பவில்லை.

நாடகம் போடலாம் என்று வகுப்பில் அறிவித்தேன். பெஞ்சுகளை நகர்த்தி ஒரு மூலையை அடைத்தோம். அதற்குள் சில பிள்ளைகள் நிற்க வேண்டும். மற்றவர்கள் காவலர்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. காவலர்கள் அடிஸ்கேலைச் சுழற்றிக்கொண்டு உறுமுகிறார்கள், அடைபட்டவர்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிரிக்கிறார்கள். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ரெஜினா என் மேசைக்கு வந்தாள். குளச்சல் பக்கத்துப் பெண். அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசாத பிள்ளை, பேசினால் நமக்குத் தூக்கம் போகும்.

"சார், எல்லாப் பயலுவளும் காவக்காரனாத்தான் நிப்பேங்கானுவ. அடைபட்டவனா நிக்க ஒருத்தனும் இல்ல" என்றாள்.

எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. பிறகு வகுப்பைப் பார்த்தேன். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோல் கையில் கிடைத்ததும் நல்ல பிள்ளைகளுக்குக்கூட முகம் மாறியிருந்தது. நாடகத்தை அங்கேயே நிறுத்தினேன்.

"அப்ப என்ன செய்யலாம், நீயே சொல்லு."

"அவங்க காலையில எந்திச்சு என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியணும் சார். அது புஸ்தகத்துல இல்ல."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிபன் டப்பாவோடு வருகிற பிள்ளையிடம் பசியை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் நான் அதைத்தான் செய்தேன். கெட்டோவில் ஒரு சாதாரண நாள், காலையிலிருந்து படுக்கும்வரை. அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கேள்வி. பதிலைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு சார்ட்டில் எழுத வேண்டும்.

என்ன பெரிய கேள்வி வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் குதைபியா வட்டாரத்தில் ஷேரிங்கில் இருக்கிறவர்கள் என்பதை மறந்துவிட்டேன். உங்களில் பலர் இப்போது அப்படித்தான் இருப்பீர்கள். இரண்டு பெட்ரூம் வீட்டை இரண்டு குடும்பம் எடுத்து, ஹாலுக்குத் திரை கட்டி ஒரு பேச்சிலரையும் வைப்பது. விடியற்காலையில் அடுப்பு யாருக்கு, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு யாருக்கு, வெள்ளிக்கிழமை வாஷிங்மெஷின் யாருக்கு என்று அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. கேள்விகள் அந்தச் சமையலறைகளிலிருந்து வந்தன.

ஒரே அறையில் மூன்று குடும்பம் என்றால் அடுப்பை முதலில் பற்ற வைத்தது யார்? அம்மாக்கள் எங்கே போய்த் துணி மாற்றினார்கள்? கைக்குழந்தை அழுதால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? உப்பு தீர்ந்தால் பக்கத்தில் கேட்கலாமா? கக்கூஸ் வரிசையில் வயதானவர்களை முன்னால் விட்டார்களா? எனக்குத் தலை சுற்றியது. இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. நூலகத்தில் கலைக்களஞ்சியத்துக்கு அடிதடி. கம்ப்யூட்டர் லேபில் இன்டர்நெட் ஊர்ந்துகொண்டு வரும், அதற்கு முன்னால் பத்துத் தலைகள். உயிர் தப்பியவர்கள் பின்னாளில் சொன்ன நினைவுகளை அச்சடித்து எடுத்து வந்து, வராந்தாவில் என்னை மடக்கி, "சார், கெடச்சிருச்சு" என்பார்கள். உருளைக்கிழங்குத் தோலைக் கழுவி அரைத்து அடை சுட்டார்கள். விறகு தீர்ந்ததும் நாற்காலியை உடைத்து எரித்தார்கள். குளிரில் குழாய் உறைந்து போனால் பனிக்கட்டியை உருக்கினார்கள். வெளியே போகும்போது யூதர் என்று காட்டும் நட்சத்திர அடையாளத்தை மறக்காமல் அணிய வேண்டும், மறந்தால் தண்டனை. ரொட்டியை எப்படித் துண்டு போட்டால் எல்லோருக்கும் சமமாக வரும் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே சண்டை. சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சின்னப் பிள்ளைகள் நுழைந்து போய் உணவு கடத்தி வந்தார்கள். அந்தப் பட்டினிக்கு நடுவில் பாட்டுக் கச்சேரி நடந்தது, நூலகம் நடந்தது.

ரெஜினாவின் கேள்வி, பள்ளிக்கூடம் இருந்ததா என்பது. பல கெட்டோக்களில் பள்ளிக்கூடத்துக்குத் தடை. அதனால் ஆசிரியர்கள் சமையலறைகளில் வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். இதை அவள் வாசித்தபோது, ஹோம்வொர்க் என்றாலே முகம் சுளிக்கிற என் வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது.

ஹாரிஸ் என்று ஒரு பையன், எதையும் யோசிக்குமுன் பேசிவிடுகிறவன், "சார், இது எங்க ஃபிளாட்டேதான்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு வாய்வரை திட்டு வந்துவிட்டது. ஆனால் அவன் கேலி பண்ணவில்லை, உண்மையாகவே கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொல்கிறான். அவன் சார்ட்டில் நடுவில் ஒரு கோடு போட்டேன். "இந்தப் பக்கம் ஒரே மாதிரி இருக்கறத எழுது. அந்தப் பக்கம் ஒரே மாதிரி இல்லாதத எழுது." முதல் பக்கத்தை அன்றே நிரப்பிவிட்டான். இரண்டாவது பக்கம் காலியாகவே கிடந்தது. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு பெண் எடுத்திருந்த கேள்வி, நாளைக்கு என்ன செய்வதாக இருந்தார்கள் என்பது. அவள் தேடியதில் கிடைத்தது ரயில். கெட்டோக்களைக் காலி செய்து, ரயில் பெட்டிகளில் ஏற்றி, கொல்லும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. அடை சுட்ட அந்த அம்மாவும், ஒளித்துப் படித்த அந்தப் பிள்ளைகளும் இந்த இரண்டு வாரத்தில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டிருந்தார்கள். மறுநாள் பிள்ளைகள் சார்ட்டுகளை நான்கு சுவரிலும் ஒட்டினார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் படித்தார்கள்.

இங்கேதான் வினை வந்தது. பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். சென்னைக்காரர், கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"அடுத்த வாரம் எஜுகேஷன் மினிஸ்ட்ரி இன்ஸ்பெக்‌ஷன். உங்க கிளாஸ்ல யூதர், யூதர்னு வாசல்லேர்ந்தே தெரியுது சார். இவங்களுக்குப் பிடிக்காது."

"யாருக்கு சார்?"

"இவங்களுக்குத்தான்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார், இந்த ஊர் அரபு மக்களைச் சொல்கிறாராம். வெளியே பள்ளி பஸ்ஸும் ஒரு பேரீச்சை மரமும்தான் இருந்தன. "சார்ட்டை எல்லாம் எடுத்துடுங்க. அந்தப் பாடத்தையும் ஸ்டேபிள் பண்ணிடுங்க."

சயின்ஸ் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடத்தை வருஷா வருஷம் ஸ்டேபிள் அடித்து மூடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். யார் சொல்லி ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"பரீட்சைக்கு வர்ற பாடம் சார்."

"அப்புறம் பிரிச்சுக்கலாம். ஏதாவது பிரச்னைன்னா ஸ்கூல் லைசென்ஸ் போயிடும். அதுக்கு முன்னாடி உங்க விசாவை கேன்சல் பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. சொல்லலன்னு சொல்லாதீங்க."

கேன்சல் என்ற சொல்லுக்கு இங்கே என்ன எடை என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். என் மனைவியும் மகளும் என் விசாவில் இருந்தார்கள், அது போனால் மூன்று பேரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஊருக்கு அனுப்பினால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கீழே கோல்ட் ஸ்டோர் மளிகைக் கடைக்குப் போய், ஊருக்குச் சாமான் கட்டும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஹால் நடுவில் வைத்தாள்.

"புள்ளைக்குப் பரீச்ச முடியிற வரைக்காவது வாய வச்சுக்கிட்டு இருக்க முடியாதா ஒங்களுக்கு? ஊர்ல இருக்க வரலாறு பூராவும் நீங்க ஒருத்தருதான் சொல்லணுமா?" என்று கேட்டபடியே ஊறுகாய் பாட்டிலைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் ஸ்டேபிளரைச் சுற்றுக்கு விட்டேன். டக் டக்கென்று சத்தம்.

"சார்" என்றாள் ரெஜினா. "அவங்க புஸ்தகத்த ஒளிச்சு வச்சுப் படிச்சாங்கன்னு எழுதுனோம். இப்ப நாமளே மூடுதோம்."

புத்தகத்தை மூடினேன், ஆனால் சார்ட்டை எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் உரித்து, எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி ஒட்டினேன். எடுத்தது போலவும் ஆச்சு, எடுக்காதது போலவும் ஆச்சு. பிரின்சிபால் கேட்டபோது, "எதுவும் கண்ணுல படாது சார்" என்றேன்.

என்ன முட்டாள்தனம் பாருங்கள். அடுத்த வாரம் மினிஸ்ட்ரியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்து முதலில் பார்த்ததே அதைத்தான். கறுப்பு அபாயா அங்கி, தங்க ஃபிரேம் கண்ணாடி, மெதுவான நடை. பின்னால் பிரின்சிபால். நான்கு சுவரிலும் தரையிலிருந்து கைக்கெட்டும் உயரம் வரை வெள்ளைத் தாள், ஒரு புள்ளி இல்லை. அவ்வளவு சந்தேகமான சுவரை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"புதுசா எழுதப் போறாங்க மேடம்" என்றார் பிரின்சிபால்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்த தாளின் ஒரு மூலையை விரலால் தூக்கினார். மொத்த சார்ட்டும் கையோடு வந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நின்றபடியே படித்தார். உருளைக்கிழங்குத் தோல் அடை. பிறகு வகுப்பைப் பார்த்து, "யல்லா, சீக்கிரம், எல்லாவற்றையும் திருப்புங்கள்" என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். பத்து நிமிடம் டேப் உரியும் சத்தம். எனக்கு ஹால் நடுவில் இருந்த அட்டைப்பெட்டிதான் கண் முன்னால் நின்றது. அந்த அம்மா ஒரு சுவரையும் விடவில்லை. 'நாளைக்கு' என்ற சார்ட்டின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு ஹாரிஸின் சார்ட்டுக்கு வந்தார்.

"இந்தப் பக்கம் உன் வீடு மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கம் ஏன் காலி?"

ஹாரிஸ் எழுந்தான். யோசிக்காமல் பேசுகிறவன் அன்று யோசித்தான்.

"மேடம், எங்கள் வீட்டுச் சாவி வீட்டுக்குள்ளேயே ஓர் ஆணியில் தொங்குகிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்ப்பார். அவர்களுடைய சாவி வெளியே இருந்தது."

அந்த அம்மா தன் பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினார். "எழுது."

அவன் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எனக்கு எகிறிக் குதிக்கத் தோன்றியது. விசா போனால் போகட்டும், பையன் கண்டுபிடித்துவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"இவ்வளவு நன்றாக எழுதியதை ஏன் சுவரைப் பார்க்க வைத்தீர்கள்?"

ரெஜினா எழுந்தாள்.

"நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தோம், மேடம்."

"யார் நினைத்தது?"

பிரின்சிபாலின் நெற்றியில் வேர்வை. அவர் உத்தரவு எழுத்தில் இல்லை. நான் அவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் இல்லை என்பார், பிள்ளைகள் இரண்டு பெரியவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்ப்பார்கள், இந்தச் சார்ட்டுகளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது வாயில் வந்தது ஒன்றுதான்.

"எழுதச் சொன்னதும் நான், திருப்பி ஒட்டியதும் நான். முதலாவதற்கு நான் வருத்தப்படவில்லை, மேடம்."

அந்த அம்மா முன் பெஞ்சில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என் அம்மா துணி எடுக்கிற கடை இங்கே சூக் கடைவீதியில் இருந்தது. கடைக்காரர் யூதர். என் கல்யாணத் துணி அவர் அளந்து கொடுத்ததுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அவர்கள், இன்னும் சில குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அரசியலில் எனக்குக் கோபம் உண்டு, நிறைய உண்டு. அடுப்புக்கு வரிசையில் நின்ற ஒரு தாயின் மேல் எனக்கு என்ன கோபம்?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் கோபப்படுவேன் என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லையே."

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்குத் தலை குனிந்தது. சுவருக்குள் அடைபட்டவர்களைப் பற்றிப் பாடம் எடுத்த நான், பக்கத்துத் தெருவில் இருக்கிற மனிதர்களை ஒரு வார்த்தை கேட்காமலே 'இவங்க' என்று ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன்.

போகும் முன் மேசை மேல் இருந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். பக்கங்கள் திறக்கவில்லை. பிரின்சிபாலைப் பார்த்தார். "பிள்ளைகள் கையில் ஸ்டேபிள் கம்பி குத்தும். பார்த்துப் பிடுங்கச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது பெட்டியில் கயிறு கட்டியாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன், எழுந்து நின்று, கையை ஆட்டித்தான். மகள் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் மனைவி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இதுக்கா நான் இத்தன நாளா பாட்டிலு பாட்டிலா சுத்துனேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். பிரின்சிபால் மறுநாள் என்னை அழைத்து, அதே சார்ட்டுகளை ஒன்பது 'பி'யிலும் போடலாமா என்று கேட்டார். பயந்த மனிதர் என்று சொன்னேன் அல்லவா, உத்தரவு எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் போவார்.

உங்களிடமும் ஒருநாள் யாராவது வந்து, இது இவர்களுக்குப் பிடிக்காது என்பார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, அந்த 'இவர்கள்' யார், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். சில சமயம் நிஜமாகவே பிடிக்காமல் இருக்கலாம், அப்போது எவ்வளவு தூரம் போவது என்பது உங்கள் தைரியத்தையும் உங்கள் வீட்டுப் பரீட்சையையும் பொறுத்தது. அதில் நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன். கேட்காமலே பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேனே. இன்ஸ்பெக்டர் அம்மா வெளியே போனதும் இடைவேளை மணி அடித்தது. எங்கள் வகுப்பு மணிக்கு முன்பே கான்டீனுக்கு ஓடுகிற வகுப்பு. அன்று எல்லோரும் குனிந்து, நகத்தால் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியவன் பிடுங்காதவனுக்குப் படித்துக் காட்டினான். கதவு விரியத் திறந்து கிடந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.